டிபி மாத்திரை முடிந்தும் நெறி கட்டுகிறது, எச்ஐவி இல்லை, சர்க்கரை இல்லை. வேறு என்ன?

கேள்வி, ஆற்காட்டிலிருந்து ஒரு தம்பி. ஜூன் 3

சித்தப்பாவுக்கு 52 வயது. நெல் மண்டியில் மூட்டை தூக்கும் உடம்பு. போன ஆடியில் கழுத்தில் நெறி கட்டியது. சதை எடுத்துப் பார்த்து டிபி என்றார்கள். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டார். முதல் இரண்டு மாதம் கொஞ்சம் வற்றியது. இப்போது இரண்டு அக்குளிலும் நெறி, முதுகெலும்பு அரிக்கப்பட்டிருக்கிறது என்று ஸ்கேன் சொல்கிறது, 14 கிலோ இறங்கிவிட்டது. எச்ஐவி, சர்க்கரை எதுவும் இல்லை. மருந்துக்கு அடங்காத டிபி என்று ஒரு டாக்டர் சொல்கிறார். டிபி மாதிரியே வேறு கிருமி இருக்கலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். நல்ல உடம்புக்காரருக்கு அப்படியும் வருமா?

ஜூன் 3, இரவு 10.40

வரும் தம்பி. அபூர்வம், ஆனால் வரும்.

காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமிகள் சுமார் இருநூறு வகை உண்டு. மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்பவை. டாக்டர்கள் என்டிஎம் என்பார்கள், டிபி அல்லாத மைக்கோபாக்டீரியா. நாம் தினமும் குளிக்கிற, குடிக்கிற தண்ணீரில் இருக்கின்றன. நம்மை ஒன்றும் செய்வதில்லை. சிலருக்கு நுரையீரலில் தங்கும். மிகச் சிலருக்கு நெறி, எலும்பு, தோல், ரத்தம் என்று பரவும். எச்ஐவி முற்றியவர்களுக்கு இப்படிப் பரவுவது எல்லா டாக்டருக்கும் தெரியும். அதனால்தான் எச்ஐவி இல்லை என்று ரிப்போர்ட் வந்ததும் பலர் இந்த யோசனையையே விட்டுவிடுகிறார்கள்.

நான் வேலூரில் மைக்ரோபயாலஜி லேபில் 26 வருஷம் டெக்னீஷியனாக இருந்தவன். டாக்டர் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன். மூன்று விஷயம் கேட்டுச் சொல்லுங்கள். முதலில் எடுத்த சதையில் சிபிநாட் என்ற மரபணுப் பரிசோதனை செய்தார்களா? கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது, வைத்தார்களா? சதையை எந்தத் திரவத்தில் போட்டுக் கொடுத்தார்கள்?

ஜூன் 4, காலை 6.15

மூன்றாவது கேள்வி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அதுதான் முக்கியம்.

ஆபரேஷன் தியேட்டரில் சதை எடுத்ததும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போடுவார்கள். வழக்கமாக அதில் இருப்பது ஃபார்மலின். மூடியைத் திறந்தால் கண் எரியும், மூக்கில் குத்தும். பேதாலஜிக்கு அது வேண்டும், சதை கெடாமல் இருக்கும். ஆனால் ஃபார்மலினில் விழுந்த கிருமி செத்துப்போகும். செத்த கிருமி கல்ச்சரில் வளராது. கல்ச்சர் வளராவிட்டால் அது டிபியா, அதன் சொந்தக்காரனா, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதெல்லாம் தெரியாமலே போகும்.

சதையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஃபார்மலினிலும் இன்னொரு பாதியை வெறும் சலைனிலும் போட வேண்டும். சலைன் டப்பா அன்றைக்கே லேபுக்குப் போக வேண்டும். இவ்வளவுதான். செலவு ஒன்றும் இல்லை. என் 26 வருஷத்தில் ஃபார்மலின் டப்பாவின் மேல் "டிபி கல்ச்சர்" என்று எழுதி வந்தவை எத்தனையோ. ஒவ்வொரு தடவையும் போன் போட்டு "மறுபடி எடுக்க முடியுமா" என்று கேட்போம். தையல் போட்டாகிவிட்டது என்பார்கள்.

ஜூன் 4, மதியம்

தம்பி சொன்ன பதில்: முழுச் சதையும் ஃபார்மலின். கல்ச்சர் இல்லை. சிபிநாட் செய்யவில்லை. ரிப்போர்ட்டில் "கிரானுலோமா, சிவப்புக் குச்சிகள் தெரிகின்றன" என்று இருந்ததாம். கிரானுலோமா என்றால் கிருமியைச் சுற்றிச் செல்கள் திரண்ட முடிச்சு. அதை வைத்து டிபி மாத்திரை.

யாரையும் குறை சொல்லவில்லை. நம் ஊரில் கழுத்தில் நெறி, சதையில் கிரானுலோமா, சிவப்புக் குச்சி என்றால் பெரும்பாலும் டிபிதான். ஆனால் அந்தச் சிவப்பு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்லைடில் கார்பால் ஃபுக்சின் ஊற்றி, கீழே ஸ்பிரிட் விளக்கைக் காட்டி ஆவி பறக்கச் சூடாக்குவோம். பிறகு ஆசிட் விட்டுக் கழுவி, மேலே நீலம் ஊற்றுவோம். மற்றதெல்லாம் நீலமாகிவிடும். இந்தக் குடும்பத்துக் கிருமி மட்டும் ஆசிடுக்கும் சாயத்தை விடாது. டிபி, தொழுநோய், என்டிஎம் மூன்றும் ஒரே சிவப்பு. கண்ணால் பார்த்துப் பெயர் சொல்ல முடியாது.

சிபிநாட் டிபியின் மரபணுவைத் தேடுவது, இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். ஸ்லைடில் சிவப்புக் குச்சி நிறையத் தெரிந்தும் சிபிநாட் 'டிபி இல்லை' என்று சொன்னால் அந்த இடத்திலேயே நின்று யோசிக்க வேண்டும்.

ஜூன் 5, இரவு

இதையெல்லாம் இவ்வளவு அவசரமாக ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அக்கா.

குடியாத்தத்தில் இருக்கிறார். மாமாவுக்குக் கைலித் தறி. 2017-ல் அக்காவுக்கு 49. பிரசவத்துக்குத் தவிர ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காதவர். கழுத்தில் நெறி. டிபி என்று மருந்து. நடுவில் முதுகில் அக்கி வந்தது. குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவியில் அக்கி எழுதினார்கள். பிறகு டைபாய்டு மாதிரி விடாத காய்ச்சல், ரத்தத்தில் சால்மோனெல்லா. அப்புறம் முழங்காலுக்குக் கீழே சிவந்து தடித்த, தொட்டால் வலிக்கிற படைகள். அதற்குத் தோல் டாக்டர் ஒரு மருந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒரு சீட்டு. எச்ஐவி பரிசோதனை மட்டும் மூன்று தடவை. மூன்றாவது தடவை ரத்தம் எடுத்தபோது மாமா முகத்தை அக்கா பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெறி, அக்கி, சால்மோனெல்லா, படை. நான்கையும் ஒரே காகிதத்தில் வரிசையாக எழுதிப் பார்த்தவர் ஒரு இளம் டாக்டர். "இது நான்கு நோய் இல்லை, ஒரே நோய்" என்றார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஜூன் 6

அது என்ன ஒரே நோய் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

கிருமியை விழுங்கும் செல்கள் நம் உடம்பில் உண்டு, மேக்ரோஃபேஜ் என்று பெயர். இந்தக் குடும்பத்துக் கிருமி அவற்றுக்குள் போனாலும் சாகாமல் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருப்பதைக் கொல் என்று அந்தச் செல்லைத் தூண்டுவது இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம். வேறு செல்கள் அதைச் சுரந்து அனுப்பும். சிலருக்கு நடுவயதில் உடம்பு அந்த இன்டர்ஃபெரான் காமாவையே எதிரி என்று எடுத்துக்கொண்டு, அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்ய ஆரம்பித்துவிடுகிறது. சுரக்கிற புரதமெல்லாம் வழியிலேயே பிடிபட்டுவிடும். சோற்றுக்கும் சத்துக்கும் குறைவில்லை, எச்ஐவியில் குறையும் சிடி4 அணுக்களும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எந்த வழக்கமான பரிசோதனையிலும் பிடிபடாது.

2004-ல்தான் இது முதலில் மருத்துவ உலகில் எழுதப்பட்டது. 2012-ல் தாய்லாந்திலும் தைவானிலும் 203 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. எச்ஐவி இல்லாமல் என்டிஎம் பரவியவர்களையும் அது போன்ற வேறு தொற்று கண்டவர்களையும் சேர்த்துப் பார்த்தால் 88 சதவீதம் பேருக்கு இந்த ஆன்டிபாடி இருந்தது. இதுவரை கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆசியாவைச் சேர்ந்தவர்கள். எச்எல்ஏ என்ற மரபணுக்களின் சில வகைகளோடு தொடர்பு இருக்கிறது, ஆனால் அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வரும் நோய் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

எய்ட்ஸ் என்று சொல்லிவிடாதீர்கள். தொற்றாது. எச்ஐவிக்குச் சம்பந்தமே இல்லை.

ஜூன் 6, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு குறை. பரவிய என்டிஎம் எல்லாமே இந்த ஆன்டிபாடியால் வருவது என்று படித்தவர் நினைத்துவிடக் கூடாது. மோனோசைட் என்ற வெள்ளை அணு மிகக் குறைவாக இருந்தால் காட்டா2 என்ற மரபணுக் கோளாறைப் பார்ப்பார்கள். ரத்தப் புற்றில் சில வகை, வாத நோய்க்குப் போடும் சில ஊசிகள், ஸ்டீராய்டு இவையும் காரணம். சித்தப்பா மூட்டை தூக்குபவர். முட்டிவலி, முதுகுவலிக்குப் பெயர் தெரியாத மாத்திரை, பொட்டலத்தில் கட்டிக் கொடுத்த சூரணம் என்று ஏதாவது வருஷக்கணக்கில் சாப்பிட்டாரா? அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

ஜூன் 8

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு சிஸ்டர் என்னைத் திருத்தியிருக்கிறார். தம்பியிடம் தனியாகப் பேசும்போது "டிபி மருந்து இந்தக் கிருமிகளைத் தொடாது" என்று சொல்லிவிட்டேன். அது தவறு. கன்சாசி என்ற வகை, டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினுக்கு நன்றாக அடங்கும். ஏவியம் வகைக்கும் ரிஃபாம்பிசின், எதாம்பியூட்டால் என்ற இரண்டு டிபி மருந்தையும் கிளாரித்ரோமைசின் அல்லது அசித்ரோமைசினோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள். அப்செசஸ் போன்ற, வேகமாக வளரும் வகைகளுக்குத்தான் வழக்கமான டிபி மருந்து வேலைக்கு ஆகாது. அக்காவுக்கு வந்தது அப்செசஸ் என்பதால் அதையே எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டேன்.

ஆகவே சித்தப்பாவுக்கு முதல் இரண்டு மாதம் நெறி வற்றியதை வைத்து "அப்படியென்றால் டிபிதான்" என்று முடிவு கட்டவும் முடியாது, டிபி இல்லை என்று சொல்லவும் முடியாது. கிருமியின் பெயர் வேண்டும். சிஸ்டருக்கு நன்றி.

ஜூன் 9

ஆம்பூர் நண்பர் தோல் பதனிடும் தண்ணீர்தான் காரணம் என்கிறார். பாலாறு என்ன ஆனது என்று எனக்கும் தெரியும், நான் அந்த ஆற்று மணலில் விளையாடியவன். குரோமியம் கலந்த தண்ணீரைப் பற்றிப் போராட வேண்டியது வேறு இடத்தில் போராடலாம். இந்தக் கிருமிகள் சுத்தமான குழாய்த் தண்ணீரிலும் இருக்கும். மெழுகு போன்ற மேல்தோல் இருப்பதால் குளோரினுக்கு எளிதில் சாகாது. மொட்டைமாடித் தொட்டியின் உள்சுவரில் வழவழவென்று படிகிறதே, அதில் நன்றாகக் குடியிருக்கும்.

பக்கத்துப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரிய பிசிஜி ஆய்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. அதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று, அங்குள்ள மக்களின் உடம்பு சிறு வயதிலேயே மண், தண்ணீர்க் கிருமிகளோடு பழகிவிட்டது என்பது. அதாவது நாம் எல்லோரும் தினமும் தொடுகிறோம். எல்லோரும் தொடும் தண்ணீர் ஒருவரை மட்டும் படுக்க வைத்தால், அந்த ஒருவரின் உடம்புக்குள் என்ன குறை என்றுதான் தேட வேண்டும். தொட்டியைக் கழுவுங்கள், அது நல்லதுதான்.

ஜூன் 12, இரவு 1 மணி

தூக்கம் வரவில்லை. பல வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்று.

2009. ஒரு தனியார் லேபில் இருந்தேன். போளூர் பக்கத்து அம்மா ஒருவரின் கழுத்து நெறியிலிருந்து சீழ் வந்தது, சலைனில், சரியான முறையில். எல்ஜே பாட்டிலில் வைத்தேன். முட்டையை அடித்து, மாலகைட் பச்சை கலந்து, சாய்த்து வைத்துச் சூட்டில் இறுக வைத்த பாட்டில் அது, உள்ளே பச்சை அடை மாதிரி இருக்கும். டிபி அதில் மூன்று வாரத்துக்கு மேல்தான் தலைகாட்டும், வெளிர்மஞ்சளாக, உலர்ந்து, காலிஃபிளவர் பூ மாதிரி சொரசொரப்பாக. இது நாலாம் நாளே வந்துவிட்டது. வெள்ளையாக, ஈரமாக, மெழுகுவர்த்தி சொட்டியது போல.

"கன்டாமினேஷன், வெளிக்கிருமி விழுந்துவிட்டது" என்றார் மேலே இருந்தவர். நானும் ரிஜிஸ்டரில் அப்படியே எழுதினேன். பாட்டில், நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போனது. இரண்டு வாரம் கழித்து அதே அம்மாவின் சீழ் மறுபடி வந்தது. மறுபடி நாலாம் நாள், மறுபடி அதே வெள்ளை மெழுகு. மறுபடி அதையே எழுதினேன். மூன்றாம் முறை வரவில்லை.

அந்த மெழுகில் ஒரு துளியை ஸ்லைடில் தேய்த்துச் சிவப்புச் சாயம் போட்டிருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். ஏழு நாளுக்குள் வளரும் மைக்கோபாக்டீரியா உண்டு என்று படித்திருந்தேன். பரீட்சைக்குப் படித்தது. 2017-ல் அக்காவின் பாட்டிலில் நாலாம் நாள் அதே வெள்ளையைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அக்கா இல்லை, அந்த அம்மா.

லேபில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால்: ஒரே நோயாளியிடமிருந்து இரண்டு தடவை ஒரே மாதிரி வளர்ந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். சாயம் போட்டுப் பாருங்கள்.

ஜூன் 13

நேற்று எழுதியதற்கு வந்த ஆறுதல்களுக்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பி பழைய ரிப்போர்ட்டெல்லாம் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் ஒரு "டிபி கோல்ட்" ரத்தப் பரிசோதனை. முடிவு "இன்டிடர்மினேட்", அதாவது உண்டு, இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அந்த ஒரு வார்த்தையில் கண் நின்றுவிட்டது.

இந்தப் பரிசோதனையே இன்டர்ஃபெரான் காமாவை அளப்பதுதான். ஒரு குழாயில் டிபி புரதம் இருக்கும். இன்னொன்றில் மைட்டோஜன் என்று எந்த ஆளின் ரத்தத்தையும் உசுப்பிவிடும் பொருள் இருக்கும், அதில் கட்டாயம் இன்டர்ஃபெரான் காமா ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் "இன்டிடர்மினேட்" என்று அடிப்பார்கள். ஆன்டிபாடி இருப்பவர்களுக்கு அது ஏறாது, சுரந்ததை ஆன்டிபாடி பிடித்துவிடும். ரத்தம் லேபுக்கு வர நேரமானாலும், ஸ்டீராய்டு சாப்பிட்டாலும் இப்படி வரலாம் என்பதால் இதை வைத்தே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தாளை மேலே வைத்து, "இதையும் பாருங்கள் சார்" என்று டாக்டரிடம் கொடுங்கள். ஆன்டிபாடி பரிசோதனை எல்லா லேபிலும் இல்லை. அக்காவின் ரத்தத்தை வெளியூர் ஆராய்ச்சிக் கூடத்துக்குத்தான் அனுப்பினார்கள்.

ஜூன் 20

"சித்தப்பாவுக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறோம், குழந்தைகளைக் கிட்டே விடுவதில்லை" என்று தம்பி எழுதியிருந்தார்.

டிபி இல்லை என்று உறுதியாகும்வரை டாக்டர் சொன்னபடி இருங்கள், அதிலும் தட்டினால் டிபி பரவாது, இருமலில்தான் பரவும். நெறியிலும் எலும்பிலும் பரவிய என்டிஎம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது.

அக்கா வீட்டில் எவர்சில்வர் தட்டு ஒன்றின் விளிம்பில் சிவப்பு நகப் பாலிஷில் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். அது அக்காவின் தட்டு. வைத்தது யாரும் இல்லை, அக்காவேதான். பேரன் எடுத்துவிடக் கூடாது என்று. ரிப்போர்ட் வந்து ஒட்டாது என்று தெரிந்த பிறகும் ஒரு வருஷம் அதிலேயே சாப்பிட்டார். பாலிஷ் தேய்ந்து போனதும் புதிதாக வைத்துக்கொள்வார்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மருந்தில் குளோஃபசிமின் சேர்த்தால் தோல் கறுக்கும், செம்பும் கருப்பும் கலந்த ஒரு நிறம். நம் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி 1955 முதல் இருக்கிறது. தொழுநோய்க்கும் இதே மாத்திரை என்பது இந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரியும். அக்கா முகம் கறுத்ததும் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. மாமா தறியை நிறுத்திவிட்டுத் தெருவில் நின்று, "மருந்தோட நிறம்ங்க அது, நிறுத்தினா போயிடும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். நிறுத்திய பிறகு நிறம் திரும்ப ஒன்றரை வருஷம் ஆனது.

ஆகஸ்ட் 2

தம்பியின் செய்தி. அக்குள் நெறியிலிருந்து மறுபடி சதை எடுத்தார்கள். இந்தத் தடவை தம்பி தியேட்டர் வாசலிலேயே நின்று, பாதி சலைன், பாதி ஃபார்மலின் என்று கேட்டு வாங்கி, சலைன் டப்பாவை ஐஸ் பையோடு தானே பைக்கில் லேபுக்குக் கொண்டுபோயிருக்கிறார். சிபிநாட்: டிபி இல்லை. ஐந்தாம் நாள் வளர்ந்துவிட்டது. பெயர்: அப்செசஸ்.

படித்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்துவிட்டேன். கெட்ட பெயர்தான், பிடிவாதமான கிருமி. ஆனாலும் பெயர் தெரிந்துவிட்டது.

லேபில் ஒன்று கேளுங்கள். கிளாரித்ரோமைசினுக்கு அடங்குமா என்று பார்க்கும்போது மூன்று நாளில் முடிவு சொல்லிவிடாமல் 14 நாள் வைத்துப் பார்த்தார்களா? இந்தக் கிருமியில் சில, ஆரம்பத்தில் அடங்குவது போல இருந்து, மருந்தோடு சில நாள் பழகிய பிறகு எதிர்க்கும்.

ஆகஸ்ட் 30

ஆன்டிபாடி இருக்கிறது. மிக அதிகம்.

இனி என்ன என்று கேட்டால், அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் ஊசி, அமிக்காசினும் இமிபெனமும். கூடவே மாத்திரைகள். பிறகு மாத்திரை மட்டும், இரண்டு வருஷத்துக்கும் மேல். நடுவில் நிறுத்திப் பார்த்தபோது ஐந்தாம் மாதம் இடுப்பெலும்பில் திரும்பியது. அப்போதுதான் ஆன்டிபாடியைச் சுரக்கும் செல்லையே அடக்குவதற்கு ரிட்டுக்சிமாப் கொடுத்தார்கள். 2012-ல் நான்கு பேருக்கு அதைக் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதியிருந்தார்கள். தாய்லாந்தில் விலை குறைந்த சைக்ளோஃபாஸ்ஃபமைடும் கொடுக்கிறார்கள். எது, எப்போது, தேவையா என்பதெல்லாம் உங்கள் டாக்டர் முடிவு. ரிட்டுக்சிமாப் என்று பேச்சு வந்தால் முதலில் மஞ்சள்காமாலை பி வைரஸ் பரிசோதனை கட்டாயம், உள்ளே தூங்குகிற வைரஸ் எழுந்துவிடும்.

அமிக்காசின் தொடங்கும் முன்பே காது பரிசோதனை எடுத்துவிடுங்கள், மாதாமாதம் திரும்ப எடுங்கள். காதில் ரீங்காரம் கேட்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும். அக்கா ரீங்காரத்தைத் தறிச் சத்தம் என்று நினைத்து மூன்று வாரம் சொல்லாமல் இருந்துவிட்டார். இன்றைக்கும் வலது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார்.

செப்டம்பர் 7

சித்தப்பா பெரிய பைல் ஒன்றோடு வெள்ளிக்கிழமை வேலூர் வருகிறாராம். அக்காவும் பார்க்க வேண்டும் என்கிறார், காலை முதல் பஸ்ஸில் குடியாத்தத்திலிருந்து வந்துவிடுவார். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி எனக்கு போன் போடுங்கள் தம்பி. ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுவாருங்கள், அந்த டிபி கோல்ட் தாள் மேலே இருக்கட்டும். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.